பழைய 2 ஜிபி மடிக்கணினியில் லுவான்டியை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்வது: பாதியில் நிற்கிறது

செக்காலை வாசகசாலை:

வணக்கம். காரைக்குடியில் பிள்ளைகளின் கோடை வகுப்புக்காக லுவான்டி போடப் பார்க்கிறோம். 2024 அக்டோபர் வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்த அதே விளையாட்டுதான். பிள்ளைகள் எல்லாரும் ஒரே உலகத்துக்குள் சேர்ந்து நகரத்தார் வீடு ஒன்றை முகப்பு, திண்ணை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி வரை எழுப்ப வேண்டும் என்பது திட்டம்.

கையில் இருப்பவை ஆறு பழைய மடிக்கணினிகள். எல்லாம் ஒரே மாடல்: இரண்டு கோர், 2 ஜிபி ராம், இன்டெல் கிராபிக்ஸ், டெபியன் 12 லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். டெபியன் 12 களஞ்சியத்தில் இருப்பது மைன்டெஸ்ட் 5.6.1. நாங்கள் எடுத்துவைத்திருக்கும் விளையாட்டுப் பொதி அதைவிடப் புதிய எஞ்சின் கேட்கிறது. அதனால்தான் சோர்ஸ், அதாவது மூல நிரலை இறக்கி, நாங்களே கம்பைல் செய்து (இயங்கும் நிரலாக மாற்றி) போடுவது.

கிட் குளோன் (மூல நிரலின் நகலை இறக்குவது) ஆனது, சிமேக் (கம்பைலுக்குத் தயார் செய்யும் கருவி) பிழை இல்லாமல் முடிந்தது. கம்பைலை ஓட்டும் கட்டளையான மேக் -ஜே4 கொடுத்தால் பாதி தாண்டுவதற்குள் திரை உறைந்து, கொஞ்ச நேரம் கழித்து இந்த வரி வருகிறது: "ஃபேட்டல் எரர்: கில்டு சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்". நிரலில் பிழையா, கம்பைலரில் பிழையா? ஆறு இயந்திரத்திலும் தனித்தனியாகக் கம்பைல் செய்ய வேண்டுமா? வீட்டின் பகுதிகளுக்குத் தமிழில் பெயர்ப்பலகை வைக்க முடியுமா?


கோட்டையூர் லினக்ஸ்:

நிரலிலும் பிழையில்லை, கம்பைலரிலும் பிழையில்லை. ராம் தீர்ந்துவிட்டது. சிசி1பிளஸ் என்பது ஜி++ உள்ளே ஓடுகிற உண்மையான சி++ கம்பைலர். நினைவகம் வற்றியதும் கெர்னல் அதிகமாகத் தின்னும் புரோகிராமைப் பார்த்துக் கொன்றுவிடும்; அதைத்தான் அந்த வரி சொல்கிறது. உறுதிப்படுத்த சுடோ போட்டு டிஎம்இஎஸ்ஜி கட்டளையை ஓட்டிக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். "அவுட் ஆஃப் மெமரி: கில்டு பிராசஸ்" என்று சிசி1பிளஸ் பெயரோடு இருக்கும்.

-ஜே4 என்றால் ஒரே நேரத்தில் நான்கு கோப்புகள் கம்பைல் ஆகும். லுவான்டி சி++17, டெம்பிளேட் நிறைய. ஒரு கோப்புக்கே சில நூறு எம்பி போகிற இடங்கள் உண்டு. 2 ஜிபியில் டெஸ்க்டாப்பும் பிரவுசரும் போக மிஞ்சுவதில் நான்குக்கு இடமே கிடையாது. இரண்டு கோர் இயந்திரத்தில் நான்கு வேலை கொடுப்பதால் வேகமும் கூடாது. -ஜே1 கொடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் முடியும்.

அதற்கு முன் 4 ஜிபி ஸ்வாப் கோப்பு (ராம் போதாதபோது டிஸ்கில் கைகொடுக்கும் இடம்) ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். நான்கு கட்டளை, நான்கும் சுடோவோடு: ஃபேலொகேட் -எல் 4ஜி, பிறகு சிஹெச்மாட் 600, பிறகு எம்கேஸ்வாப், கடைசியில் ஸ்வாப்ஆன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் /ஸ்வாப்ஃபைல் என்ற பாதை. 600 கொடுக்காமல் விட்டால் அனுமதி பாதுகாப்பாக இல்லை என்று எச்சரிக்கும். ஃப்ரீ -ஹெச் கொடுத்து ஸ்வாப் வரியில் 4 ஜிபி கூடியிருக்கிறதா பாருங்கள். எஃப்எஸ்டேப் கோப்பில் எழுத வேண்டாம். கம்பைல் முடிந்ததும் ஸ்வாப்ஆஃப் கொடுத்துக் கோப்பை அழித்துவிடலாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் ஸ்வாப் மெதுவாகத்தான் நகரும். உறைந்ததுபோல் தெரிந்தாலும் டிஸ்க் விளக்கு மின்னினால் விட்டுவிடுங்கள்.

டெஸ்க்டாப்பை மூடிவிட்டு கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி வெறும் கன்சோலில் ஓட்டுவது இன்னும் நல்லது. எக்ஸ்எஃப்சிஇயிலிருந்து லாக்அவுட் செய்தபின் போங்கள், இல்லாவிட்டால் அது பின்னால் ராமைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது சிமேக். பிழை இல்லாமல் முடிந்தது என்கிறீர்கள். அது போதாது, அது அச்சடித்ததை மேலிருந்து படியுங்கள். முக்கியமாக லுவாஜிட் (லுவா மொழி நிரலை வேகமாக ஓட்டுவது) பற்றிய வரி. "லுவாஜிட் நாட் ஃபவுண்ட், யூசிங் பண்டில்டு லுவா" என்றிருந்தால் கம்பைல் ஆகும், விளையாட்டும் ஓடும், ஆனால் மாட்கள் (விளையாட்டோடு சேர்க்கும் துணை நிரல்கள்) எல்லாம் சாதாரண லுவாவில் ஓடும். இந்த மாதிரி பலவீனமான இயந்திரத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். லுவாஜிட்டின் டெவ் பொதியை (கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள் உள்ள பொதி)ப் போட்டுவிட்டு சிமேக்கை மறுபடி ஓட்டுங்கள். பழைய முடிவுகள் சிமேக்கேஷ் உரைக்கோப்பில் தங்கியிருக்கும். சந்தேகமாக இருந்தால் அதை அழித்துவிட்டு ஓட்டுவது நல்லது.

என்னென்ன டெவ் பொதிகள் வேண்டும் என்று இணையத்தில் தேடாதீர்கள். பழைய கட்டுரைகள் இர்லிக்ட் என்ற படம் வரையும் லைப்ரரியைத் தனியாக இறக்கச் சொல்லும். அது இப்போது லுவான்டி சோர்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. நீங்கள் குளோன் செய்த கோப்புறையில் டாக், அதற்குள் கம்பைலிங், அதற்குள் லினக்ஸ் கோப்பு. டெபியனுக்கான ஏப்ட் வரி அதில் முழுசாக இருக்கிறது, அப்படியே ஒட்டுங்கள். உங்கள் கையில் உள்ள அதே பதிப்புக்கு எழுதியது அது ஒன்றுதான்.

சிமேக்குக்குக் கொடுக்க வேண்டிய தேர்வுகள் இரண்டு. ரன்_இன்_பிளேஸ்=ட்ரூ, பில்ட்_யூனிட்டெஸ்ட்ஸ்=ஃபால்ஸ். இரண்டுமே ஆங்கிலப் பெரிய எழுத்து, முன்னால் இடைவெளி இல்லாமல் சிறுகோடும் பெரிய டி எழுத்தும். முதலாவது கொடுத்தால் உலகம், மாட், அமைப்பு எல்லாம் அந்தக் கோப்புறைக்குள்ளேயே இருக்கும், சிஸ்டத்தில் எங்கும் சிதறாது. இரண்டாவது கொடுத்தால் சோதனைக் கோப்புகளைக் கம்பைல் செய்யாது. உங்கள் ராமுக்கு அதுவே பெரிய ஆறுதல். பில்ட் டைப்பை டிபக் என்று மாற்றாதீர்கள், விளையாட்டு நத்தையாகிவிடும்.

இன்னொன்று. குளோன் செய்யும்போது கிளை எதுவும் சொல்லாவிட்டால் வருவது மாஸ்டர், அதாவது இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கும் நிரல். வகுப்புக்கு அது வேண்டாம். ஸ்டேபிள்-5 கிளையை எடுங்கள். டெப்த் 1 என்றும் சேர்த்தால் பழைய வரலாறு முழுக்க இறங்காமல் மொபைல் டேட்டா மிச்சமாகும்.


பள்ளத்தூர்க்காரன்:

கோட்டையூர் அண்ணே சொன்னதோட சில விஷயம்.

மேக் பாதியில நின்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க. அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தா விட்ட இடத்திலேர்ந்து தொடரும். "மேக் கிளீன்" போட்டுடாதீங்க, அத்தனை நேர வேலையும் போயிரும்.

ஆனா கரண்ட் கட்டாகி மெஷின் அணைஞ்சிருந்தா கதை வேற. பழைய மடிக்கணினின்னா பேட்டரி நிக்காது, பிளக்கை நம்பித்தான் ஓடும். எழுதிக்கிட்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்பு (ஒரு நிரல் கோப்பு கம்பைல் ஆகி வர்றது) காலியா, 0 பைட்டா டிஸ்க்ல கிடக்கும். மேக் அதோட தேதியை மட்டும் பார்த்து, இது முடிஞ்சதுன்னு நினைச்சு அடுத்ததுக்குப் போயிரும். கடைசியா லிங்க் பண்ற இடத்துல "ஃபைல் ஃபார்மேட் நாட் ரெககனைஸ்டு"ன்னோ "ஃபைல் ட்ரங்கேட்டட்"னோ நிக்கும். ஃபைண்ட் கட்டளையில புள்ளி ஓ-ன்னு முடியிற, சைஸ் 0 இருக்கிற கோப்புகளைத் தேடி டிலீட் கொடுத்துட்டு மறுபடி மேக் ஓட்டுங்க, அது மட்டும் புதுசா கம்பைல் ஆகும். ட்ரங்கேட்டட்னு வந்தா அந்த வரியிலேயே கோப்புப் பேர் இருக்கும், அதையும் கையால அழிச்சிருங்க.

ஆறு மெஷின்லயும் கம்பைல் பண்ண வேண்டியதில்லை. ஒண்ணுல பண்ணி, ரன்_இன்_பிளேஸ் கோப்புறையை அப்படியே பென்டிரைவ்ல எடுத்து மத்த அஞ்சுலயும் போடுங்க. பென்டிரைவ் ஃபேட்32-ஆ இருந்தா ஓடும் அனுமதி தொலைஞ்சிரும், அதனால டார் கோப்பாக் கட்டி எடுத்துட்டுப் போங்க. போட்டப்புறம் பின் (பிஐஎன்) கோப்புறையில இருக்கிற லுவான்டி கோப்பு மேல எல்டிடி (தேவையான லைப்ரரிகளைக் காட்டுற கட்டளை) ஓட்டிப் பாருங்க. "நாட் ஃபவுண்ட்"னு எந்த லைப்ரரி வருதோ அதை ஏப்ட்ல போட்டாப் போதும். டெவ் பொதி தேவையில்லை, வெறும் லைப்ரரி போதும்.

சீக்கிரம் முடியணும்னு வேற யார் வீட்டுப் புது கம்ப்யூட்டர்லயாவது கம்பைல் பண்ண நினைச்சா ரெண்டு விஷயம் கவனிக்கணும். அது உபுண்டு 24.04-ஆ இருந்தா அதோட ஜிலிப்சி (சிஸ்டத்தோட அடிப்படை சி லைப்ரரி) 2.39, உங்க டெபியன் 12-ல 2.36. இங்க கொண்டுவந்தா ஜிலிப்சி பதிப்பு கிடைக்கலைன்னு சொல்லி ஓடவே ஓடாது. புதுசுல கட்டினது பழசுல ஓடாது, பழசுல கட்டினது புதுசுல பெரும்பாலும் ஓடும். அந்த மெஷின்லயும் டெபியன் 12 இருக்கணும், இல்லாட்டி அதுல ஒரு டெபியன் 12 கன்டெய்னர் (சிஸ்டத்துக்குள்ள தனியா ஓடுற குட்டி சிஸ்டம்) போட்டு அதுக்குள்ள கட்டணும். ரெண்டாவது, மார்ச்=நேட்டிவ்னு யாராச்சும் வேகத்துக்குச் சேர்க்கச் சொன்னாச் சேர்க்காதீங்க. புது பிராசசருக்கு மட்டும் தெரிஞ்ச உத்தரவெல்லாம் உள்ள போயிரும், பழைய மெஷின்ல "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்"னு ஒரே வரியில விழுந்துரும்.


மானகிரி ரோடு:

ஃபிளாட்ஹப்பில் (ஃபிளாட்பேக் பொதிகள் கிடைக்கும் தளம்) லுவான்டி தயாராக இருக்கிறதே, எதற்கு இவ்வளவு பாடு? டெபியன் 13-க்கு மாறினாலும் லுவான்டி என்ற பெயரிலேயே பொதி கிடைக்கும்.


கோட்டையூர் லினக்ஸ்:

சரியான கேள்விதான். ஒரே ஒரு கணினி என்றால் நானும் ஃபிளாட்பேக்கே சொல்வேன். இங்கே ஆறு கணினி. ஃபிளாட்பேக் விளையாட்டோடு சேர்த்து அடிப்படை ரன்டைமையும் ஒவ்வொன்றிலும் இறக்கும், அது விளையாட்டைவிடப் பெரிது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வகுப்பு நடத்துபவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. டெபியன் 13-க்கு நேரம் இருந்தால் மாறலாம், ஆனால் வகுப்பு தொடங்கும் நேரத்தில் ஆறு இயந்திரத்தின் சிஸ்டத்தையும் மாற்றுவது ஆபத்து. ஒருமுறை கட்டி ஆறில் நகலெடுப்பதுதான் இவர்களுக்கு லேசு.


செக்காலை வாசகசாலை:

மிக்க நன்றி. -ஜே1, ஸ்வாப், யூனிட் டெஸ்ட் இல்லாமல் கொடுத்ததில் கம்பைல் முழுசாக முடிந்தது. லுவாஜிட் உண்மையிலேயே விட்டுப்போயிருந்தது, சேர்த்துவிட்டோம். இப்போது இரண்டு சிக்கல். மெனு வருகிறது, ஆனால் விளையாட்டு எதுவும் இல்லை என்கிறது. 5.6.1-இல் தானாகவே ஒன்று இருந்தது. இரண்டாவது, ஒரு இயந்திரத்தில் மட்டும் விநாடிக்கு 3, 4 ஃபிரேம்தான் வருகிறது. மற்றவை ஓரளவு ஓடுகின்றன.


பள்ளத்தூர்க்காரன்:

விளையாட்டு இல்லைங்கிறது பிழையில்ல. 5.8.0 பதிப்பிலேர்ந்து மைன்டெஸ்ட் கேமை எஞ்சினோட சேர்த்துக் கொடுக்கிறதை நிறுத்திட்டாங்க. லுவான்டி வெறும் எஞ்சின், விளையாட்டை நாமதான் தேர்ந்தெடுக்கணும். மெனுவுல கன்டென்ட் பக்கத்துக்குப் போனா கன்டென்ட்டிபி (விளையாட்டு, மாட் எல்லாம் கிடைக்கிற தளம்) திறக்கும், அங்கேர்ந்து இறக்கலாம். அது திறக்கலைன்னா கம்பைல் பண்றப்ப கர்ல் டெவ் பொதி இல்லாம இருந்திருக்கும், சிமேக் அச்சடிச்சதைத் திரும்பப் பாருங்க.

ஆறுலயும் இறக்க வேண்டாம். நீங்க எல்லாரையும் ஒரே உலகத்துக்குள்ள விடப்போறீங்க. அப்ப விளையாட்டும் மாட்களும் சர்வர் மெஷின் ஒண்ணுல இருந்தாப் போதும். சேர வர்ற மெஷின்களுக்குப் படம், ஒலி எல்லாத்தையும் சர்வரே அனுப்பி வைக்கும். முதல் தடவை சேர்றப்ப கொஞ்சம் நேரம் எடுக்கும், அப்புறம் கேஷ்லேர்ந்து எடுத்துக்கும்.

மெதுவா ஓடுற மெஷின்ல மெசா-யுடில்ஸ் பொதி போட்டு ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி (பெரிய பி) ஓட்டுங்க. "ஓபன்ஜிஎல் ரெண்டரர்" வரியில இன்டெல் பேர் இருக்கணும். எல்எல்விஎம்பைப்னு இருந்தா கிராபிக்ஸ் சிப் வேலையே செய்யல, பிராசசர்தான் படம் வரையுது. ஒரே மாடல்ல ஒண்ணு மட்டும் இப்படின்னா பெரும்பாலும் காரணம் ஒண்ணுதான். இன்ஸ்டால் பண்றப்ப திரை வரலைன்னு யாரோ "நோமோட்செட்" கொடுத்திருப்பாங்க, அது அப்படியே தங்கிருக்கும். /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்புல அந்தச் சொல்லை எடுத்துட்டு, சுடோ அப்டேட்-கிரப் கொடுத்து ரீஸ்டார்ட் பண்ணுங்க.

மத்த அஞ்சுலயும் அமைப்புல வியூயிங் ரேஞ்சைக் குறைங்க. இயல்பு 190 நோட் (ஒரு நோட்டுன்னா விளையாட்டுல ஒரு கட்டை, ஒரு மீட்டர்), இந்த மெஷினுக்கு 60 போதும். வீட்டுக்குள்ள நின்னு தூண் நிறுத்துறவங்களுக்கு 60 மீட்டர் தாண்டிப் பார்க்க வேண்டிய அவசியமே வராது. டைனமிக் ஷேடோவை நிறுத்துங்க.

சர்வருக்கு இருக்கிறதிலேயே நல்ல மெஷினை வைங்க. லுவான்டியை --சர்வர்னு சேர்த்து டெர்மினல்ல ஓட்டினா ஜன்னல் திறக்காம பின்னால ஓடும். போர்ட் யுடிபி 30000. ஃபயர்வால் இருந்தா அதுல யுடிபின்னு சொல்லித்தான் திறக்கணும், டிசிபி திறந்து பிரயோஜனம் இல்ல. ஹோஸ்ட்நேம் -ஐ (பெரிய ஐ) கொடுத்தா முகவரி கிடைக்கும், பிள்ளைங்க "ஜாயின் கேம்"ல அதைப் போட்டுச் சேரலாம். முகவரி, போர்ட் எல்லாம் சரியா இருந்தும் சேரலைன்னா வைஃபை ரவுட்டர்ல கிளையன்ட் ஐசொலேஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க. அது இருந்தா ஒரு மெஷினுக்கு இன்னொரு மெஷின் கண்ணுலயே படாது.


ஆத்தங்குடிக் கல்:

வீட்டுப் பக்கத்தை நான் சொல்கிறேன் ஆச்சி. லுவான்டியில் ஒரு நோட் ஒரு மீட்டர் கனசதுரம். தரையில் பதிக்கும் 10 அங்குல ஆத்தங்குடிக் கல் நான்கு வரிசையாக வைத்தால் 40 அங்குலம், ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆகவே ஒரு நோட்டின் முகத்தில் 4 × 4 கல் வரும். ஒரு கல்லுக்கு 16 பிக்சல் என்று வைத்து 64 × 64 அளவில் பிஎன்ஜி வரையுங்கள்.

செல்போனில் தரையைப் படம் எடுத்துச் சுருக்க வேண்டாம், சேறாகத் தெரியும். கண்ணாடித் தட்டின் மேல் தகர அச்சு வைத்து, ஒவ்வொரு அறைக்குள்ளும் நிறத்தை ஊற்றித்தான் அந்தக் கல்லைச் செய்கிறார்கள். அதனால் இரண்டு நிறம் சேரும் ஓரம் கத்தரித்ததுபோல் நிற்கும். ஜிம்ப்பில் பிரஷ் எடுக்காமல் பென்சில் கருவி எடுத்து, ஐந்தாறு தட்டையான நிறங்களோடு நிறுத்தினால் அந்தக் கூர்மை அப்படியே வரும். ஒரே பூ இரண்டுக்கு இரண்டு நோட் பரப்பில் விரிய வேண்டுமானால் படத்தை 128 × 128 ஆக வரைந்து, டைல் வரையறையில் அலைன்_ஸ்டைல் "வேர்ல்ட்", ஸ்கேல் 2 என்று கொடுங்கள்.

மாட் எழுதுவது பெரிய வேலை இல்லை. மாட்ஸ் கோப்புறைக்குள் ஒரு கோப்புறை, அதில் மாட்.கான்ஃப், இனிட்.லுவா, டெக்ஸ்சர்ஸ் என்ற உட்கோப்புறை. பெயர்கள் எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், அடிக்கோடு மட்டும். இனிட்.லுவாவில் கோர்.ரெஜிஸ்டர்_நோட் ஒன்று ஒவ்வொரு கல்லுக்கும். குரூப்ஸில் கிராக்கி=3 என்று கொடுங்கள், மைன்டெஸ்ட் கேமில் கல்லைத் தோண்டும் கருவிகள் அதைப் பார்த்துத்தான் உடைக்கும். உலகத்தின் அமைப்பில் மாடை எனேபிள் செய்ய மறக்காதீர்கள். தரை கோலம் எதுவும் இல்லாமல் ஏதோ ஒரு ஒற்றை நிறமாக வந்தால் படக்கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் கோப்புப் பெயரில் ஒரு பெரிய எழுத்து புகுந்திருக்கும். லினக்ஸ் அதை வேறு கோப்பாகவே பார்க்கும்.

வளவுத் தூண்களுக்கு முழு நோட் வைத்தால் ஒரு மீட்டர் தடிமனாகி கோட்டை மதில்போல் இருக்கும். டிராடைப் "நோட்பாக்ஸ்" வைத்து, பெட்டி அளவை -0.2, -0.5, -0.2 தொடங்கி 0.2, 0.5, 0.2 வரை கொடுங்கள். 40 சென்டிமீட்டர் தூண் கிடைக்கும், பர்மா தேக்குத் தூணுக்கு அது பொருத்தமாக இருக்கும். அதோடு பாராம்டைப் "லைட்" என்ற வரி கட்டாயம். அது இல்லாவிட்டால் வெளிச்சம் அந்த நோட்டுக்குள் நுழையாது, தூண்கள் கரிக்கட்டையாக நிற்கும்.

தமிழ்ப் பலகை விஷயத்தில் ஒரு தடை இருக்கிறது. லுவான்டி எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கும், தமிழுக்கு வேண்டிய எழுத்துச் சேர்க்கை அதில் நடக்காது. ஃபான்ட் அமைப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ் கொடுத்தால் கட்டங்கள் மறைந்து எழுத்துகள் தெரியும். ஆனால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வர வேண்டியவை, கணினியில் அவை எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். "தேவகோட்டை" என்று எழுதினால் "தே"யில் த முதலிலும் கொம்பு பிறகும் நிற்கும். கடைசியில் "டை"யின் ஐகாரக் குறியும் அப்படித்தான் பின்னால் போய் ஒட்டும். பிள்ளைகள் படிக்கிற இடத்தில் இப்படித் தமிழை வைக்கக் கூடாது.

வழி இதுதான்: பலகையில் எழுத்தைத் தட்டச்சு செய்யாமல் படமாகவே வையுங்கள். ஜிம்ப்போ இங்க்ஸ்கேப்போ தமிழைச் சரியாகச் சேர்த்துக் காட்டும். "முகப்பு", "வளவு", "இரண்டாங்கட்டு" என்று ஒவ்வொன்றையும் 128 × 64 படமாகத் தடித்த எழுத்தில் ஏற்றுமதி செய்து, பலகை வடிவ நோட்பாக்ஸின் முன்முகத்தில் ஒட்டுங்கள். தடித்த எழுத்து முக்கியம், மெல்லிய எழுத்து தூரத்திலிருந்து உதிர்ந்துபோகும். அரட்டைப் பெட்டிக்கு மட்டும் இந்த வழி கிடையாது, அதில் தமிழ் உடைந்துதான் வரும்.


கோட்டையூர் லினக்ஸ்:

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு வகுப்பும் முடிந்ததும் சர்வரை கன்ட்ரோல் சி கொடுத்து முறையாக நிறுத்துங்கள், நேரடியாக அணைக்காதீர்கள். நிறுத்திய பிறகு வேர்ல்ட்ஸ் கோப்புறைக்குள் உங்கள் உலகத்தின் கோப்புறையை முழுசாகப் பென்டிரைவில் எடுங்கள். வரைபடம் முழுக்க மேப்.ஸ்க்லைட் என்ற ஒரே கோப்பில் இருக்கிறது; சர்வர் ஓடும்போது அதை நகலெடுத்தால் பாதி எழுதிய நகல் கிடைக்க வாய்ப்பு உண்டு. புதிய எஞ்சின் கம்பைல் செய்து மாற்றும் நாளில், திறப்பதற்கு முன்பே நகல் எடுத்துவிடுங்கள். புதிய பதிப்பில் சேமித்த உலகத்தைத் திரும்பப் பழைய பதிப்பில் திறக்க முடியும் என்று நம்பக் கூடாது.